படுதா, காலண்டர், தறி: ஓவியர்கள் செய்த மற்ற வேலைகள்

அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகன் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறான், கடைசி வருஷம். பையன் ஓவியத்தோடு நிற்கவில்லை. லீவுக்கு வந்தால் பானை செய்கிற காருகுறிச்சியில் போய் மண் பிசைகிறான். போன கோயில் கொடைக்கு ஊர் நாடகத்துக்குப் படுதா, அதாவது மேடைக்குப் பின்னால் தொங்குகிற திரைச்சீலை, எழுதிக் கொடுத்தான். ஒரு சிற்றிதழுக்குக் கோட்டோவியம் போடுகிறான். ராத்திரியானால் லேப்டாப்பில் அனிமேஷன். “ஏல, ஒண்ணைப் பிடிச்சு நில்லுல” என்று அத்தான் சத்தம் போடுகிறாராம். தம்பி கேட்பது இரண்டு விஷயம்: பேர் வாங்கிய நவீன ஓவியர்கள் எல்லாம் ஒரே வேலையைப் பிடித்து நின்றவர்களா, அண்ணாச்சி? இப்படிப் பல பக்கம் கை வைத்தால் பிழைப்பு ஓடுமா?

முதல் கேள்விக்குச் சட்டென்று சொல்லிவிடலாம்: இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல ஓவியர்களில் வேறு வேலை எதையும் தொடாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவது கேள்விதான் இழுக்கும். அதில் உங்கள் அத்தான் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதற்காக நாம் பாரிஸ் வரை போக வேண்டாம், முதலில் கோவில்பட்டி போவோம். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை அதுவும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதானே. அங்கே இருந்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். படிப்பு முடிந்து கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனி ஒன்றில் சீன் எழுதும் வேலை. ஊர் ஊராகப் போன அந்தக் கம்பெனி 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கலைந்துபோனது. இவர் அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று ஒன்று உருவானது. போட்டோ எடுப்பது, எடுத்த போட்டோவுக்கு வர்ணம் தீட்டுவது, சாமி படம் எழுதுவது எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தது. சிவகாசி அச்சகங்கள் பக்கத்திலேயே இருந்ததால், அந்தச் சாமி படங்கள் காலண்டராகித் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரில் ஏறின. டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், சீனிவாசன் என்று ஒரு மாணவர் வரிசையே அவரிடமிருந்து வந்தது. பழைய காலண்டர் கிடைத்தால் கீழ் ஓரத்தைப் பாருங்கள். சிலவற்றில் குரு பெயரும் சுப்பையா பெயரும் சேர்ந்தே இருக்கும்.

சீன், போட்டோ, சாமி படம் என்ற இந்த மூன்று வேலையும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் போனது என்பதைத்தான் உங்கள் மருமகன் பார்க்க வேண்டும். சீன் எழுதுவது எப்படி என்று அவனுக்கு ஓரளவு தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். துணியைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் இழுத்து ஆணி அடிப்பார்கள். வஜ்ஜிரத்தை டின்னில் போட்டுக் காய்ச்சி, அந்தப் பசையில் வர்ணப் பொடியைக் கலப்பார்கள். நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, துணி மேலேயே நின்று எழுத வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஈரமாக இருக்கும்போது வர்ணம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளுத்துவிடும். நாளைக்கு எப்படித் தெரியும் என்பதை இன்றைக்கே மனசில் பார்த்துக்கொண்டு கலக்க வேண்டும். கால் பக்கத்தில் கிடப்பது தர்பார் மண்டபத்தின் தூணா, வெறும் பழுப்புக் கோடா என்று நிற்கிற இடத்தில் தெரியாது. கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தூணாகத் தெரிந்தால் சரி.

இப்படி வருஷக்கணக்கில் எழுதிய கைக்குத் தூரம் பழகிவிடும். எது முன்னால் நிற்க வேண்டும், எது மங்கிப் பின்னால் போக வேண்டும் என்பது யோசிக்காமலே வரும். போட்டோ ஸ்டூடியோ கற்றுக்கொடுப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நெகட்டிவில் பென்சிலைக் கூராகச் சீவி டச்சப் செய்கிறவன், கன்னத்தின் மேட்டையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தையும் மயிரிழையில் கவனிப்பான். இனி அந்தக் காலத்து முருகன் காலண்டரை எடுத்துப் பாருங்கள். பின்னால் மலை, அருவி, ஆறு, மங்கலாக ஒரு கோபுரம். அது நாடகப் படுதா. முன்னால் நேராக நம்மைப் பார்க்கும் முகம், வழவழவென்ற கன்னம், கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது ஸ்டூடியோ போட்டோ. படுதாவுக்கு முன்னால் சாமியை நிற்க வைத்துப் போட்டோ எடுத்த மாதிரி இருக்கும். ஒரே வேலையைப் பிடித்து நின்றிருந்தால் அந்தப் படம் பிறந்தே இருக்காது என்பது என் கணிப்பு.

காலண்டர் ஓவியத்தை நவீன ஓவியம் என்று எப்படிச் சொல்லலாம் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அச்சு இயந்திரம், கேமரா, கம்பெனி நாடகம் மூன்றுமே அன்றைக்குப் புதிய சங்கதிகள். மூன்றையும் ஒரு மனுஷன் ஒரு கையில் கலந்திருக்கிறார். இதற்கு மேல் நவீனம் வேறென்ன வேண்டும்?

சரி, கல்லூரிக்காரர்கள் ஒத்துக்கொள்ளும் பெயர்களுக்கே வருவோம். சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929-இல் தலைமையேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியர், சிற்பி இரண்டுமாக இருந்தவர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. குஸ்தி போடுவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காளியில் கதை எழுதுவார். அவரிடம் படித்த எஸ். தனபால் ஓவியத்திலிருந்து சிற்பத்துக்குப் போனவர், நடனமும் கற்றவர். அவருடைய சிற்பங்களில் உடம்பு வளையும் விதத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த நடனம் ஞாபகம் வரும்.

ஆனால் பிழைப்பு என்ற கணக்கில் பார்த்தால், கே.சி.எஸ். பணிக்கர் செய்ததுதான் பெரிய காரியம். அதே சென்னை ஓவியக் கல்லூரிக்குப் பின்னாளில் முதல்வராக இருந்த அவர் ஒன்றைத் தெளிவாகப் பார்த்தார். வருஷா வருஷம் நல்ல பையன்கள் படித்து வெளியே வருகிறார்கள். படம் விற்காது. ரெண்டு மூணு வருஷத்தில் ஏதோ ஆபீஸுக்குள் போய்க் காணாமல் போகிறார்கள். அப்போது கையில் எடுத்ததுதான் பாட்டிக். துணியில் மெழுகால் கோடு இழுத்துச் சாயத்தில் முக்கி எடுக்கிற வேலை. ஓவியர்கள் கூட்டாகச் சேர்ந்து பாட்டிக்கும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவான கதை இதுதான். நாளின் ஒரு பகுதி கைவினை வேலைக்கு, மிச்சம் தன் படத்துக்கு. மானியம் கேட்டுக் கோட்டை வாசலில் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

பாட்டிக் செய்யும் கைக்கு ஒரு பயிற்சி கிடைக்கும். மெழுகு ஆறுவதற்குள் கோடு போய்ச் சேர வேண்டும், போட்டதை அழிக்க முடியாது. சென்னை ஓவியர்களின் கோடு தயங்காது என்று சொல்வார்கள். அதற்குப் பல காரணம் உண்டு, இதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பேன். அதே கிராமத்துப் பி.வி. ஜானகிராமைப் பாருங்கள். உலோகத் தகட்டை அடித்து முன்பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரிச் சிற்பம் செய்தவர். நெல்லையப்பர் கோயிலிலோ வேறெங்கோ மூலவருக்குக் கவசம் சாத்தியிருப்பதைப் பார்த்த கண்ணுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து தறி. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1950-களில் கைத்தறி வாரியம் ஆரம்பித்த நெசவாளர் சேவை மையங்களில், டிசைன் போட ஓவியர்களை வேலைக்கு எடுத்தார்கள். பம்பாயில் கே.ஜி. சுப்பிரமணியன், காசியில் பிரபாகர் பர்வே, சென்னையில் ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம், ட்ராட்ஸ்கி மருது. பின்னால் பெரிய பெயர்களான எத்தனையோ பேர் அந்த மையங்களில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள். ஒரு தலைமுறை இந்திய ஓவியர்களுக்குச் சோறு போட்டது சேலை பார்டர் என்று வேடிக்கையாகச் சொல்வேன். வேடிக்கைதான், ஆனால் பொய்யில்லை.

சேலைக்கு டிசைன் போட்டால் ஓவியம் கெடாதா என்று கேட்பவர்கள் ஒரு நாள் தறி முன்னால் உட்கார வேண்டும். என் கதையைச் சொல்கிறேன். அப்போது நான் பாளையங்கோட்டையில் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சேர்த்து நெய்யச் சொல்லியிருந்தார்கள். எழுத்தை நான் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். பெண் பெயரில் ஒரு ‘ழி’ வரும். விடுவேனா, வாலைச் சுழித்து, மேலே கொம்பை வளைத்து, சினிமா டைட்டில் மாதிரி எழுதியிருந்தேன். பாய் நெய்கிற அக்கா காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இந்த வாலை நான் எங்க கொண்டுபோய் முடிக்க? கோரை வளையுமா?”

வளையாதுதான். தாமிரபரணித் தண்ணியில் ஊறப்போட்டு, கிழித்து, நூல் மாதிரி ஆக்கிய கோரையானாலும் பாவுக்குக் குறுக்கே நேராகத்தான் போகும். வளைவு வேண்டுமென்றால் படி கட்டித்தான் ஏற வேண்டும். ஒரு இழை இங்கே, அடுத்தது ஒரு பாவு தள்ளி, அதற்கடுத்தது இன்னொன்று தள்ளி. கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கட்டம் ஒரு இழை என்று ‘ழி’யைப் பிரித்துப் பிரித்துப் போட்டேன். ரெண்டு நாள் ஆனது. கடைசியில் வந்த எழுத்தில் அலங்காரம் ஒன்றுமில்லை, ஆனால் பத்தடி தூரத்திலிருந்து படிக்க முடிந்தது. அப்புறம் நான் எழுதிய கடைப் போர்டுகள் மாறிவிட்டன. எழுத்தின் எலும்பு எது, சதை எது என்று அந்தப் பாயில்தான் பிடிபட்டது. கூலி என்று பார்த்தால் அந்த வேலையில் எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாணச் சாப்பாடு.

ஆதிமூலத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். திருச்சிப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர் (1938–2008). காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியைக் கோட்டோவியத்தில் திரும்பத் திரும்ப வரைந்தார். சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் அட்டை போட்டார். கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் கரிசல் காட்டுக் கடுதாசி எழுதியபோது கூடவே வந்த படங்கள் இவருடையவை. கி.ரா.வின் ஊரான இடைசெவல் பக்கத்து விவசாயச் சம்சாரியின் வேட்டிக் கட்டையும் முகச் சுருக்கத்தையும் வெறும் கறுப்புக் கோட்டில் கொண்டுவந்துவிட்டார். அன்றைய பத்திரிகைத் தாளில் சாம்பல் நிறமெல்லாம் அப்பிக்கொள்ளும். கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான் நம்பிக்கையாக அச்சாகும். அந்த நெருக்கடியில் கோடே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் அதே மனுஷன் கேன்வாஸில் உருவமே இல்லாமல் வர்ணத்தை மட்டும் வைத்துப் படம் செய்தார். இது ஒரு கை, அது ஒரு கை என்று பிரித்துப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோட்டில் சொல்ல வேண்டியதையெல்லாம் பத்திரிகையில் சொல்லித் தீர்த்ததால், கேன்வாஸில் கோட்டை விட்டுவிட அவருக்குத் தைரியம் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மேலே சொன்ன கே.ஜி. சுப்பிரமணியனைப் பற்றி (1924–2016) தனியாக எழுதினாலும் தகும். கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்விட்டு, 1944-இல் சாந்திநிகேதனுக்குப் போனார். பிறகு பரோடாவில் வாத்தியார். கேன்வாஸ், கண்ணாடி ஓவியம், சுடுமண், நெசவு, சுவர்ச் சிற்பம், குழந்தைகள் புத்தகம், கட்டுரை என்று அவர் கை வைக்காத இடம் குறைவு. லக்னோவில் ரவீந்திராலயாவின் சுவரில் 1963-இல் ஆயிரக்கணக்கான சுடுமண் ஓடுகளை வைத்து ஒரு பெரிய சுவர்ச் சித்திரம் செய்தார். பரோடா கல்லூரியில் கலைச் சந்தை நடக்கும்போது வாத்தியாரும் மாணவர்களுமாக உட்கார்ந்து மரத்திலும் தோலிலும் மணியிலும் பொம்மை செய்து விற்பார்கள். பெரிய ஓவியர் பொம்மை விற்பதா என்ற கூச்சமே கிடையாது. உங்கள் மருமகனுக்கு முன்மாதிரி ஒருத்தரைச் சொல்லுங்கள் என்றால் இவரைத்தான் சொல்வேன். அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான் செய்கிற ஊர். அவன் அந்தக் கடைசல் பட்டறைக்கு ஒரு தடவையாவது போனானா என்று கேளுங்கள்.

வெளிநாட்டிலும் கதை இதேதான். சோனியா தெலோனே (1885–1979) பாரிஸில் வர்ண வட்டங்களாக வரைந்துகொண்டிருந்தவர். ரஷ்யாவில் இருந்த குடும்பச் சொத்திலிருந்து வாடகை வரும், அதில் குடும்பம் ஓடியது. 1917 புரட்சியோடு அது நின்றது. மறு வருஷம் மாட்ரிட்டில் கடை திறந்து துணியும் உடையும் விற்கத் தொடங்கினார். ஆனால் துணி அவருக்குப் புதிதல்ல. 1911-இலேயே கைக்குழந்தைக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டுத்தையல் போட்டு ஒரு போர்வை செய்திருந்தார். அவருடைய வர்ணக் கட்டங்களுக்கு அதுவே ஆரம்பம் என்று இன்றைக்கு மியூசியக்காரர்கள் சொல்கிறார்கள். நம்ம ஆச்சிமார் பழஞ்சேலையில் தைத்த ஒட்டுப் போர்வையை யாரும் அப்படிச் சொன்னதில்லை, அது வேறு கதை. சுவிட்சர்லாந்தின் சோஃபி டாய்பர்-ஆர்ப் பதின்மூன்று வருஷம் நெசவு, தையல் டிசைன் கற்றுக்கொடுத்த சம்பளத்தில் வீட்டை நடத்தினார். கணவர் ஆர்ப்பும் பேர் பெற்ற கலைஞர்தான், ஆனால் அடுப்பு எரிந்தது இந்த அம்மா சம்பளத்தில். இடையில் 1918-இல் ஒரு நாடகத்துக்குக் கடைசல் மரத்தில் பொம்மலாட்டப் பொம்மைகள் செய்தார், அவை இன்றைக்கும் பேசப்படுகின்றன. பிக்காஸோ பாலேவுக்குப் படுதா எழுதியதும், அறுபதைத் தாண்டிய வயசில் பானைச் சூளைக்குப் போனதும் பையனுக்கே தெரிந்திருக்கும். பம்பாயில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்த எம்.எஃப். ஹுசைன் 1967-இல் எடுத்த குறும்படம் பெர்லினில் தங்கக் கரடி விருது வாங்கியது.

சினிமா என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த பி. கிருஷ்ணமூர்த்தியும் தோட்டா தரணியும் கலை இயக்குநர்களாக தேசிய விருது வாங்கியவர்கள். கிருஷ்ணமூர்த்திக்குக் கலை இயக்கத்துக்கும் உடைகளுக்கும் சேர்த்தே கிடைத்தது. அனிமேஷன் பிடித்த பையனுக்கு இந்த வழி கண்ணில் படும். நல்ல வழிதான். ஆனால் செட் வேலை நேரம் காலம் பார்க்காது. படம் முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுவார்கள், கையில் எதுவும் மிஞ்சாது. தரணி விடாமல் வரைந்துகொண்டே இருப்பவர். எல்லோராலும் அது முடியாது.

இங்கேதான் உங்கள் அத்தான் பக்கம் வருகிறேன்.

என்னோடு போர்டு எழுத வந்தவன் ஒருத்தன். என்னைவிடக் கை நல்ல கை. டவுனில் சினிமா பேனரும் கட்சிப் பேனரும் அவன்தான். நாற்பது அடி உயரத்தில் ஒரு முகத்தைக் கட்டம் போடாமலே எழுதுவான். ஆர்டர் குவிந்தது, ஆள் வைத்தான், சாரத்துக்குச் சொந்தமாகக் கம்பு வாங்கினான். “வருஷத்துக்கு ரெண்டு படம் எனக்குன்னு போடுவேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்டாண்டில் ஒரு கேன்வாஸ் பாதி வரைந்தபடி ஆறு வருஷம் நின்றது, நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது. ரெண்டு வருஷத்துக்குள் பேனர் தொழில் சுருண்டது. அப்போது அவன் கையில் பேனரும் இல்லை, படமும் இல்லை. இப்போது பெயின்ட் கடை வைத்திருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். பழைய பேச்சு எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவான்.

அவன் ஒரே வேலையைப் பிடித்து நிற்காததால் கெட்டான் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பில்லை. அவன் பிடித்தது ஒன்றைத்தான், பேனரை மட்டும். அதில் கற்றது எதுவும் அந்தக் கேன்வாஸுக்குப் போகவில்லை. கொண்டையராஜுவிடம் படுதா காலண்டருக்குள் போனது, சோனியாவிடம் போர்வை படத்துக்குள் போனது. எனவே பையன் எத்தனை வேலை செய்கிறான் என்று எண்ணாதீர்கள். காருகுறிச்சியில் மண் பிசைந்த மாசத்துக்கு அடுத்த மாசம் அவன் வரைந்ததில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள், அல்லது அவனையே கேளுங்கள். கொஞ்சம்கூட மாறவில்லை என்றால், அது பொழுதுபோக்கு. இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ‘பல துறை’ என்று பேர் வைக்க வேண்டாம்.

காசு விஷயத்தில் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரியில் இதைப் பாடமாக நடத்துவது அபூர்வம். பல இடத்தில் வேலை செய்கிறவனுக்குப் பல இடத்தில் உரிமை நழுவும். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை வரையச் சொன்னவருக்கே. வரைந்தவனுக்கு இல்லை. இது பதினேழாவது பிரிவு. ஆகவே அட்டைப் படமோ படுதாவோ, அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்: எதற்குப் பயன்படும், எத்தனை பதிப்பு, மூல ஓவியம் யாரிடம் இருக்கும். உரிமையை எழுதிக் கொடுத்தாலும் காலம் எவ்வளவு என்று போட வேண்டும். போடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். நான் இது தெரியாமல் ஒரு பதிப்பகத்துக்கு, பேர் வேண்டாம், ஒரு அட்டை போட்டுக் கொடுத்தேன். அதே படம் மூன்று வேறு புத்தகங்களில் வந்தது. மூன்றாவதில் என் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

படத்தை விற்ற பிறகும் ஓவியனுக்கு மிஞ்சுகிற உரிமை ஒன்று உண்டு, தன் படைப்பைச் சிதைத்தால் எதிர்த்துக் கேட்கிற உரிமை, ஐம்பத்தேழாவது பிரிவு. சிற்பி, ஓவியர், கவிஞர் மூன்றுமாக இருந்த அமர்நாத் சேகல், டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 140 அடி நீளத்தில் ஒரு வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்து கொடுத்திருந்தார். 1979-இல் அதைப் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள், துண்டுகள் சேதமாயின. அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் நஷ்டஈடு கொடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. சுவரில் பெரிய வேலை செய்யப் போகிற பையன் இந்த வழக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இவ்வளவு பேசினோம், அம்பாசமுத்திரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் அஞ்சு நிலையிலும் சுவர் முழுக்கப் பழைய ஓவியம், நடுநடுவே மரத் தூணிலும் விட்டத்திலும் சிற்பம். கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு அவனைக் கூட்டிப் போங்கள், நல்ல டார்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போர்க் காட்சி ஒன்றில் குதிரைகள் வரிசையாகப் போகும். கப்பலில் குதிரை கொண்டுவருவதும் உண்டு. சுவரில் வர்ணத்தில் இருக்கும் உடம்பின் வளைவையும் பக்கத்துத் தூணில் உளி பட்ட வளைவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவனும் செதுக்கியவனும் ஒரே ஆளா, பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை பார்த்த ரெண்டு பேரா என்று நான் ஒவ்வொரு தடவையும் படியில் நின்று யோசிப்பேன். அதற்குள் வௌவால் விரட்டிவிடும்.

வேலை தேடும் விஷயத்துக்கு: முதல் ரெண்டு மூணு வருஷத்துக்கு மாதச் சம்பளம் வருகிற இடம் ஒன்று இருப்பது நல்லது. ஜவுளி டிசைனோ அனிமேஷன் கம்பெனியோ பள்ளிக்கூடமோ, எதுவானாலும் சரி. சம்பள வேலை பத்து மணி நேரத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவு நடக்கிறது. கல்லூரி முடிவதற்குள் அதற்கு முயற்சி செய்யட்டும்.

அந்தக் கொடை நாடகப் படுதா இப்போது எங்கே இருக்கிறது? கோயில் அறையில் மடித்துப் போட்டிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். பசை வர்ணம் மடிப்பில் வெடித்து உதிரும். மூங்கில் கம்பில் சுருட்டி, வெளியே பழைய வேட்டி ஒன்றைச் சுற்றி, எலி ஏறாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். தைப்பூசத்துக்கு நான் அந்தப் பக்கம் வருவேன், விரித்துப் பார்க்கலாம்.